கோத்தகிரியில் அடைத்த கதவு: லே-ஆஃபா, லாக்-அவுட்டா?

பி.காம். படிக்கிறவர்களுக்குத் தொழிற்சட்டம் என்று ஒரு தாள் உண்டு. விரும்பிப் படிக்கிறவர்கள் குறைவு, பாஸ் ஆனால் போதும் என்று படிக்கிறவர்கள்தான் அதிகம். அதில் தவறாமல் வரும் கேள்வி, "லே-ஆஃப், லாக்-அவுட் வேறுபடுத்துக". நடுவில் கோடு கிழித்து இடப்பக்கம் நாலு வரி, வலப்பக்கம் நாலு வரி எழுதினால் ஐந்து மதிப்பெண். கைடில் அந்தக் கட்டத்துக்குக் கீழே "கேர்பெட்டா எஸ்டேட் வழக்கு, 1960" என்று ஒரு வரி இருக்கும். அதையும் எழுதி வைத்தால் திருத்துகிறவர் மனம் குளிர்ந்து அரை மதிப்பெண் கூடப் போடலாம் என்பது சீனியர்கள் சொல்லித் தந்த ரகசியம்.

கேர்பெட்டா என்ற பெயரைப் பார்த்து நான் ஏதோ ஆந்திரப் பக்கம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் நம் நீலகிரி, கோத்தகிரி. தீர்ப்பைப் படித்த பிறகு அந்த நாலு வரி நாலு வரியாகத் தெரியவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார வைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிகள், "சட்டப்படி எங்களுக்குப் பாதிக் கூலி வரணும்" என்று கேட்டு வழக்குப் போட்டு, கோயம்புத்தூரில் ஜெயித்து, டில்லியில் தோற்ற கதை அது. எப்படித் தோற்றார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வேலையில்லாதோர் உதவித்தொகை என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்தால் அரசு மாதாமாதம் தருகிற சில நூறு ரூபாய். அது வேறு. அது வேலையே கிடைக்காதவருக்கு. நான் சொல்ல வருவது, மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறது, ஆள் தயாராக இருக்கிறார், ஆனால் முதலாளி "இன்றைக்கு வேலை இல்லை, போ" என்கிறார், அந்த நாளுக்கு என்ன என்ற கேள்வி. வேலை இழந்தவருக்குச் சட்டப்படி உரிமையாகப் பணம் என்ற எண்ணம் சுதந்திர இந்தியாவில் உருப்படியாக முதலில் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

அது நுழைந்த வருடம் 1953. பஞ்சாலைகளில் துணி விற்காமல் தேங்கியது. ஆலைகள் ஷிப்டுகளைக் குறைத்தன. ஆயிரக்கணக்கானோர் நாள்கணக்கில் வீட்டில் உட்காரும் நிலை. நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்காமல் அந்த அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டார்கள், பிறகு அதைத் தொழில் தகராறுச் சட்டத்துக்குள் (1947) ஐந்து-ஏ என்ற அத்தியாயமாகச் சேர்த்தார்கள். கணக்கு எளிமையானது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். லே-ஆஃப் செய்யப்பட்ட நாட்களில், வார விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி. பதிலி ஆளுக்கும் தற்செயல் கூலிக்கும் கிடையாது. இன்னொரு நிபந்தனை, லே-ஆஃப் காலத்திலும் தினம் ஒரு தடவையாவது வேலை நேரத்தில் கேட்டுக்குப் போய் "நான் வந்திருக்கிறேன்" என்று முகம் காட்ட வேண்டும். முதலாளி அதே ஊரிலோ ஐந்து மைல் சுற்றளவிலோ உள்ள தன் இன்னொரு இடத்தில் அதே சம்பளத்துக்குப் பொருத்தமான வேலை தந்து, இவர் மறுத்தால் பணம் இல்லை.

ஆரம்பத்தில் இது ஆலைக்கும் சுரங்கத்துக்கும்தான். 1954-ல் ஒரு திருத்தம் வந்து தோட்டங்களையும் சேர்த்தது. அதாவது தேயிலை பறிக்கிறவருக்கு இந்த உரிமை வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, கோத்தகிரியில் பிரச்சினை வெடித்தபோது.

இனி கோத்தகிரி. 1957 ஜூலை 26. (நாட்காட்டிக் கணக்குப்படி வெள்ளிக்கிழமை.) கேர்பெட்டா எஸ்டேட்டின் மேனேஜரைத் தொழிலாளர்கள் சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். லேசான அடி இல்லை. ஆறு இடத்தில் எலும்பு முறிவு. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். தோட்டத்தின் கீழ்ப் பகுதிக்குக் கெல்சோ டிவிஷன் என்று பெயர். மறுநாள் ஊழியர்கள் மூன்று பேர், அந்தப் பகுதிக்குப் போய் வேலை பார்க்கப் பயமாக இருக்கிறது, உயிருக்கு மிரட்டல் இருக்கிறது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கே நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது: மறு அறிவிப்பு வரும்வரை கெல்சோ டிவிஷன் மூடப்படுகிறது. நோட்டீஸில் மேனேஜர் தாக்கப்பட்டதையும் ஊழியர்கள் மிரட்டப்பட்டதையும் காரணமாகச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சு நடந்து, செப்டம்பர் 2-ம் தேதி டிவிஷன் திறந்தது.

இடைப்பட்ட நாட்கள்? ஜூலை 28 முதல் செப்டம்பர் 1 வரை எண்ணினால் 36 நாள். ஞாயிறு வார விடுமுறை என்று வைத்துக்கொண்டால் ஆறு ஞாயிறு போகும். மீதி 30 நாள். பாதிக் கூலி என்றால் ஆளுக்கு 15 நாள் முழுக்கூலிக்குச் சமம். (காமர்ஸ் மாணவன் வேறு எப்படிக் கதை சொல்வான்!) தோட்டத்தில் வேலை மட்டுமில்லை, குடியிருக்கிற லைன் வீடும் தோட்டத்துடையது. வேலை நின்றால் பக்கத்து ஊருக்குப் போய்க் கூலி பார்க்கலாம் என்பது மலையில் அவ்வளவு லேசில்லை. 15 நாள் கூலி என்பது வெளியிலிருந்து பார்க்கச் சின்னத் தொகை. அந்த லைனில் இருப்பவருக்கு அது ஒரு மாத அரிசிக் கடன்.

தொழிலாளர்கள் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் பிடித்த வழி 33-சி என்ற பிரிவு. சட்டப்படி வரவேண்டிய பணம் வரவில்லை, கணக்குப் போட்டு வாங்கிக் கொடுங்கள் என்று தொழிலாளி நேரடியாகவே கேட்கலாம் என்ற ஏற்பாடு அது. 1956 திருத்தத்தில் புதிதாக வந்தது.  தொழிலாளர் நீதிமன்றம் என்ற அமைப்புமே அதே திருத்தத்தின் பிள்ளைதான். புதுச் சட்டம், புதுப் பிரிவு, புதுக் கோர்ட். மூன்றையும் நம்பி ஆட்கள் மலையிறங்கி வந்திருக்கிறார்கள்.

நிர்வாகம் சொன்ன பதில்: நாங்கள் செய்தது லே-ஆஃப் இல்லை, லாக்-அவுட். கதவடைப்பு. அதற்குச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது.

தொழிலாளர்கள் கையில் இருந்தது சட்டத்தின் வரையறை. லே-ஆஃப் என்றால் என்ன என்று சட்டம் அப்போது சொன்னதன் சாரம் இது: நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாட்டாலோ, சரக்குத் தேங்கியதாலோ, இயந்திரம் பழுதானதாலோ, "அல்லது வேறு எந்தக் காரணத்தாலோ" முதலாளி வேலை கொடுக்கத் தவறுவது, மறுப்பது, அல்லது இயலாமல் போவது. வேறு எந்தக் காரணத்தாலோ! ஊழியர்கள் பயந்துபோய் வேலைக்கு வரவில்லை என்பதும் ஒரு காரணம்தானே? மறுப்பது என்ற சொல்லும் வரையறைக்குள் இருக்கிறதே? கோயம்புத்தூர் நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இது லே-ஆஃப்தான், பணத்தைக் கொடு.

தோட்டம் விடவில்லை. சிறப்பு அனுமதி பெற்று உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 1960 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். பிற்பாடு 1964-ல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர். தொழிலாளர் வழக்குகளில் அந்தக் காலத்தில் அவர் பெயர் வராத இடம் குறைவு, முதலாளிகளின் ஆள் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் இந்தத் தீர்ப்பை அலட்சியமாகத் தள்ளிவிட முடியவில்லை.

அவர் போட்ட வாதம் இது. "வேறு எந்தக் காரணம்" என்பதைத் தனியாகப் பிய்த்து எடுத்துப் படிக்கக்கூடாது. அதற்கு முன்னால் வரிசையாக வருகிறவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நம்மூர் உதாரணம் சொல்கிறேன். குற்றாலத்தில் ஒரு கடைப் பலகையில் "மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியான் மற்றும் பிற கிடைக்கும்" என்று எழுதியிருந்தால், அந்த "பிற" என்பது சீத்தாப்பழமாக இருக்கலாம், செருப்பாக இருக்க முடியாது. அதுபோல நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள், சரக்கு, இயந்திரம் என்று வரிசை போகும்போது "வேறு காரணம்" என்பதும் அதே இனத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏதோ தடங்கல், அதனால் சிலருக்கு வேலை தர முடியவில்லை. அதுதான் லே-ஆஃப். மேனேஜர் அடிபட்டார், ஊழியர்கள் மிரட்டப்பட்டார்கள், அதனால் மூடினோம் என்பது அந்த இனத்தில் சேராது. அது கதவடைப்பு. தொழிலாளி கையில் வேலைநிறுத்தம் எப்படியோ, முதலாளி கையில் கதவடைப்பு அப்படி. வேலைநிறுத்தம் செய்கிறவருக்குக் கூலி உண்டா என்பது எப்படி வேறு விசாரணையோ, அப்படியே கதவடைப்பும் வேறு விசாரணை. லே-ஆஃப் இழப்பீடு இதற்குப் பொருந்தாது. கோயம்புத்தூர் தீர்ப்பு ரத்து.

சட்டத்தைப் படிக்கிற முறை என்று பார்த்தால் இதில் குறை சொல்வது கஷ்டம். மாங்குஸ்தான் கடையில் செருப்பு கேட்க முடியாதுதான். ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது.

ஒன்று, கதவடைப்பை ஆயுதம் என்கிறார்கள். ஆயுதம் என்றால் எதையாவது சாதிக்க எடுக்க வேண்டும். "இந்தக் கூலிக்குச் சம்மதி, கதவைத் திறக்கிறேன்" என்பது ஆயுதம். கேர்பெட்டா நோட்டீஸில் சொன்ன காரணம் அதுவல்ல. பயமும் பாதுகாப்பும்தான் காரணம். அப்படியானால் அது சண்டையை விடத் தடங்கலுக்குத்தானே நெருக்கமாக இருக்கிறது? ஆள் வரப் பயப்படுகிறார்கள், மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை, வேலை கொடுக்க இயலவில்லை. இதை லே-ஆஃப் என்று படித்த கோயம்புத்தூர் நீதிமன்றத்தை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். மேனேஜரை அடித்தது குற்றம். ஆறு எலும்பு உடைகிற அளவுக்கு அடிப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதற்குப் போலீஸ் இருக்கிறது, கிரிமினல் கோர்ட் இருக்கிறது, அங்கே அடித்தவன் யார் என்று பேர் சொல்லி நிரூபிக்க வேண்டும். ஆனால் டிவிஷனை மூடினால் அடித்தவனுக்கும் கூலி போகிறது, அன்றைக்குக் கொழுந்து பறித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனவளுக்கும் போகிறது. முடிவைத் தீர்மானித்தது "நீ என்ன செய்தாய்" என்ற கேள்வி இல்லை. "முதலாளி ஏன் மூடினார்" என்ற கேள்வி. வேலை இல்லாத நாளுக்கான பணம், வேலை இல்லாதவரைப் பார்த்து அளக்கப்படவில்லை. மூடியவரின் காரணத்தைப் பார்த்து அளக்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இது கேர்பெட்டாவோடு தொடங்கியதும் இல்லை. அதற்கு முந்தைய வருடம், 1959-ல் இதே உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. பீகாரில் (இன்று ஜார்க்கண்ட்) சாய்பாசா பக்கம் ஜிங்க்பானி என்ற இடத்தில் ஏ.சி.சி. சிமெண்ட் ஆலை. அதற்குச் சுண்ணாம்புக்கல் கொடுப்பது கம்பெனியின் சொந்தக் குவாரி. 1955-ல் குவாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கல் வராததால் ஆலையில் சில பிரிவுகள் நின்றன, ஆட்களை லே-ஆஃப் செய்தார்கள். இங்கே லே-ஆஃப் என்பதில் சந்தேகமே இல்லை, மூலப்பொருள் தட்டுப்பாடு. ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: அதே நிறுவனத்தின் இன்னொரு பகுதியில் நடக்கிற வேலைநிறுத்தத்தால் லே-ஆஃப் என்றால் பணம் கிடையாது. குவாரியும் ஆலையும் ஒரே நிறுவனமா, வேறு வேறா? தீர்ப்பாயம் வேறு என்றது, தொழிலாளிகள் ஜெயித்தார்கள். உச்ச நீதிமன்றம் ஒரே முதலாளி, ஒரே நிர்வாகம், ஒன்றில்லாமல் மற்றொன்று ஓடாது, ஆகவே ஒன்றுதான் என்றது. பணம் போச்சு. ஆலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. செய்தது குவாரிக்காரர்கள். கீழே ஜெயித்து மேலே தோற்பது இந்த இரண்டு கதையிலும் பொது.

இப்படித் தோற்றால் அதோடு முடிந்ததா என்றால், எப்போதும் இல்லை. அதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வே என்று ஒரு தனியார் ரயில் கம்பெனி. அரசு அதை எடுத்துக்கொண்டபோது கம்பெனி தன் ஆட்கள் அனைவரையும் 1953 டிசம்பர் கடைசியோடு கணக்கு முடித்து அனுப்பியது. ஆட்குறைப்பு இழப்பீடு (வருடத்துக்கு 15 நாள் சம்பளம்) கேட்டார்கள். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆட்குறைப்பு என்பது ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் உபரி ஆளைக் குறைப்பது, தொழிலையே மூடினால் அது ஆட்குறைப்பு ஆகாது, இழப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டது. நாலு பேரை அனுப்பினால் பணம், நானூறு பேரை மொத்தமாக அனுப்பினால் பணம் இல்லை என்றாகிவிட்டது! நாடு முழுக்கக் கூச்சல் கிளம்பியிருக்க வேண்டும். அரசு 1957-லேயே அவசரச் சட்டமும் பிறகு திருத்தச் சட்டமும் கொண்டுவந்து, மூடினாலும் கைமாற்றினாலும் இழப்பீடு உண்டு என்று எழுதியது. அதையும் அந்தத் தீர்ப்பு வந்த 1956 நவம்பர் இறுதியிலிருந்தே செல்லும்படி பின்தேதியிட்டது.

கோர்ட் கண்டுபிடித்த ஓட்டையை நாடாளுமன்றம் ஆறு மாதத்தில் அடைத்தது. கேர்பெட்டா ஓட்டையை அப்படி அடைத்ததா? இல்லை. 1984-ல் லே-ஆஃப் வரையறையைத் திருத்தினார்கள். "இயற்கைச் சீற்றம்" என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள், நல்லது. கூடவே "வேறு எந்தக் காரணத்தாலோ" என்று இருந்ததை எடுத்துவிட்டு "தொடர்புடைய வேறு எந்தக் காரணத்தாலோ" என்று போட்டார்கள். ஒரே ஒரு சொல். கஜேந்திரகட்கர் விளக்கமாகச் சொன்னது சட்டத்தின் எழுத்தாகவே ஆகிவிட்டது. கோயம்புத்தூர் நீதிமன்றம் படித்தபடி படிக்க இனி இடமே இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதவடைப்பு என்று ஆனால் தொழிலாளிக்கு எல்லா வழியும் அடைபட்டுவிடுவதில்லை. "இந்தக் கதவடைப்பு நியாயமற்றது" என்று தகராறு எழுப்பி, அது நிரூபணமானால் பாதி என்ன, முழுக்கூலியே கேட்கலாம். கேர்பெட்டாவுக்குக் கொஞ்ச காலத்திலேயே இந்தியா மரைன் சர்வீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொழிலாளர் வேலைநிறுத்தமும் தப்பு, நிர்வாகம் கதவடைப்பை அளவுக்கு மீறி இழுத்ததும் தப்பு என்று பழியைப் பங்கு போட்டு, கதவடைப்புக் காலத்துக்குப் பாதிக் கூலி கொடுக்கச் சொன்னது. கடைசியில் அதே பாதிதான்! ஆனால் வித்தியாசம் இருக்கிறது. லே-ஆஃப் என்றால் கணக்குப் போட்டால் போதும். கதவடைப்பு என்றால் யார் தப்பு, எவ்வளவு தப்பு என்று சாட்சி, விசாரணை, வருடக்கணக்கு. சங்கம் வலுவாக இருந்தால் தாங்கும். லைன் வீட்டுக்காரர் தனியாக நின்றால் தாங்காது.

வெளிநாட்டில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று கொஞ்சம் மேய்ந்தேன். பிரிட்டனில் 1911-ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட சில தொழில்களில் வேலை இழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங். அதிலும் முதல் நாளே இந்தச் சிக்கல் இருந்தது: உன் வேலையிடத்தில் தொழில் தகராறால் வேலை நின்றால் பணம் இல்லை. ஆனால் பிற்பாடு வந்த திருத்தங்களில், நீ அந்தத் தகராறில் கலந்துகொள்ளவில்லை, அதனால் உனக்கு நேரடி லாபமும் இல்லை என்று காட்டினால் தரலாம் என்று ஒரு வாசல் திறந்தார்கள். அதிலும் ஆயிரம் வழக்கு வந்தது என்பது வேறு. இருந்தாலும் "நீ என்ன செய்தாய்" என்ற கேள்வி அங்கே உள்ளே வந்துவிட்டது.

அமெரிக்காவில் 1963-ல் ஒரு புகழ்பெற்ற வழக்கு, ஷெர்பர்ட் எதிர் வெர்னர். தென் கரோலினா மாநிலத்தில் ஒரு நெசவாலைத் தொழிலாளி. சனிக்கிழமை ஓய்வுநாள் என்று கடைப்பிடிக்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆலை சனிக்கிழமையும் வேலை என்று மாற்றியது. வர மறுத்தார், வேலை போயிற்று. கிடைத்த வேலையை மறுத்தவருக்கு உதவித்தொகை இல்லை என்றது மாநிலம். கேஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜெயித்தார். உன் மதமா, உன் உதவித்தொகையா என்று ஒரு குடிமகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல அரசுக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். நம் வழக்கோடு ஒப்பிட்டால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அங்கே பணம் தர வேண்டியது அரசு நடத்தும் நிதி. அரசு மறுத்தால் அரசியல் சாசனத்தைக் காட்டி "ஏன்" என்று கேட்கலாம். இங்கே லே-ஆஃப் பணம் தர வேண்டியவர் அதே முதலாளி. சாசனம் அந்த அளவுக்குத் தோட்டத்துக்குள் வராது. சட்டத்தின் வரையறை என்ன சொல்கிறதோ அதோடு சரி. இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. மூலம் வேலை இழந்தவருக்குப் படி என்று ஒரு திட்டம் வந்ததே 2005-ல்தான்.

இப்போது ஊருக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டம் என்று எழுதியதும் தென்காசி, நெல்லைக்காரர்களுக்கு மாஞ்சோலைதான் ஞாபகம் வந்திருக்கும். 2024-ல் அங்கே நடந்தது விருப்ப ஓய்வு என்ற பெயரில் நிரந்தரமாக அனுப்புவது, அதில் எழுந்த சட்டக் கேள்விகள் வேறு, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். நான் கேட்பது இன்னும் சின்னக் கேள்வி. குற்றாலத்தில் ஒரு நாள் வேலை இல்லை என்றால்?

குற்றாலத்தின் பொருளாதாரமே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் வந்து, கூட்டம் வந்தால்தான் லாட்ஜ், ஹோட்டல், எண்ணெய் தேய்க்கிறவர், சிப்ஸ் கடை, பழக்கடை எல்லாம். தண்ணீர் இல்லை என்றாலும் வேலை இல்லை, தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டாலும் வேலை இல்லை. 2020-ல் கொரோனாவால் சீசன் முழுக்கத் தடை. பேரருவியில் தண்ணீர் ஜோராக விழுந்துகொண்டிருந்தது, குளிக்க ஆளில்லை. தடை போட்டது அரசு, முதலாளி இல்லை, தொழிலாளியும் இல்லை. யாருடைய தப்பும் இல்லாத வேலையின்மை என்றால் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. லே-ஆஃப் பணம் உண்டா?

கிடையாது. கேர்பெட்டா வரை போகவே வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடும். லே-ஆஃப் இழப்பீடு ஆலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கும் மட்டும். லாட்ஜ் இதில் எதுவும் இல்லை. 50 பேருக்குக் குறைவாக இருந்தால் இல்லை. பருவகாலத் தொழில் என்றால் இல்லை. குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டே எழுதினார்களோ என்று தோன்றும் :-)

இதைவிட விசித்திரம் பீடி. தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கம் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றாத தெரு குறைவு. எங்கள் தெருவிலும் உண்டு. கடையில் இலையும் தூளும் குறைத்துக் கொடுத்தால் அந்த வாரம் சம்பளம் குறையும். கொடுக்கவே இல்லை என்றால் சம்பளமே இல்லை. மூலப்பொருள் தட்டுப்பாட்டால் வேலை தராமல் இருப்பது! லே-ஆஃப் வரையறையின் முதல் வரியிலேயே இருக்கிற காரணம். ஆனால் திண்ணை ஆலை ஆகாது. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், மூலப்பொருள் கொடுப்பதில் வரும் தகராறைத் தீர்க்கத் தனியாக ஓர் அதிகாரியை வைக்க வழி செய்தது, அவ்வளவுதான். இலை வராத வாரத்துக்குப் பாதிக் கூலி என்று அதிலும் இல்லை.

சின்ன நிறுவனங்களுக்கு ஒரே ஒரு ஆறுதல் 1976-ல் வந்தது. ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் பம்பாய் ஆலையில் வேலைநிறுத்தம். டில்லிக் கிளைக்கு டயர் வரவில்லை. அங்கிருந்த 30 பேரில் 17 பேரை 1968-ல் லே-ஆஃப் செய்தார்கள். 50 பேர் இல்லாத இடம், அதனால் இழப்பீட்டு அத்தியாயம் பொருந்தாது. கம்பெனி, அப்படியானால் ஒன்றும் தர வேண்டாம் என்றது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அந்த அத்தியாயம் இழப்பீடு பற்றித்தான் பேசுகிறதே தவிர, லே-ஆஃப் செய்யும் அதிகாரத்தை முதலாளிக்குக் கொடுக்கவில்லை. வேலை ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ அந்த அதிகாரம் எழுதப்படாவிட்டால், வேலை தராமல் உட்கார வைக்க முதலாளிக்கு உரிமையே இல்லை, சம்பளம் கேட்கலாம். கேட்க இனிக்கிறது. குற்றாலத்துச் சிப்ஸ் கடையில் மூன்று மாதத்துக்கு மட்டும் வாய்ப்பேச்சில் சேர்ந்த பையன் எந்த ஒப்பந்தத்தைக் காட்டி, எந்த கோர்ட்டில் கேட்பான் என்பதுதான் தெரியவில்லை.

1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பை 2020-ல் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் முதலில் தேடிப் பார்த்தது லே-ஆஃப் வரையறையைத்தான். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள், சரக்கு, இயந்திரம், இயற்கைச் சீற்றம், "தொடர்புடைய வேறு காரணம்". அப்படியே இருக்கிறது. பாதிச் சம்பளம், 50 பேர் என்ற எல்லை, பருவகால விலக்கு, எல்லாம் அப்படியே. ஒரு தொழில் பருவகாலத் தொழிலா இல்லையா என்று சந்தேகம் வந்தால் முடிவு செய்வது அரசு, அந்த முடிவே இறுதியானது என்ற வரியும் இருக்கிறது.